‘உங்க ரத்தத்துலேயே இருக்கு’ என்பவர்களுக்கு

மேடையை விட்டு இறங்கியதும் எங்களுக்குக் கிடைக்கிற பாராட்டு அநேகமாக ஒன்றுதான். “தாளமும் பாட்டும் உங்க ரத்தத்துலேயே இருக்குப்பா.” சொல்கிறவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே சொல்கிறார். கல்லூரி விழாவில் கேட்டிருக்கிறோம், கட்சி மாநாட்டில் கேட்டிருக்கிறோம். முற்போக்கு நண்பர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. அந்தப் பாராட்டை நாங்கள் இப்போது வாங்கிக்கொள்வதில்லை. ஏன் என்று சில தம்பி தங்கைகள் கேட்டார்கள். அதே வாரம் எங்கள் கிட்டார் வகுப்பில் ஒருவன், “ஸ்கேல் எதுக்குண்ணே, நேரா பாட்டுக்குப் போயிருவோமே” என்றான். இரண்டுக்கும் ஒரே பதில் என்பதால் சேர்த்தே எழுதுகிறோம்.

எங்கள் மாலைப் படிப்பகம் திருச்சுழி பக்கத்தில் ஒரு காலனியின் சமுதாயக் கூடத்தில் நடக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி என்றால் 1879-இல் ரமணர் பிறந்த ஊர், திருமேனிநாதர் கோயில். எங்களுக்குக் குண்டாறு, தண்ணீர் சேராத கண்மாய், சீமைக் கருவேலங்காடு, கரிமூட்டம், அருப்புக்கோட்டைப் பக்கம் ஆள் ஏற்றிப்போகிற மில் வண்டி. பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் என்று தொடங்கிய படிப்பகம் இது. பிறகு இரண்டு பறை வந்தது. பிறகு ஒரு தோழர் மதுரையிலிருந்து பழைய நைலான் கம்பி கிட்டார் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். இப்போது மூன்று இருக்கின்றன. எங்களில் ஒருவர் கல்லூரிக் காலத்தில் தேவாலயப் பாடகர் குழுவில் முறையாகக் கற்றவர். அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார்.

கிட்டார் எதற்கு, பறை இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் அப்பாக்களின் தலைமுறையில் இந்தப் பக்கத்தில் பறையைக் கீழே வைத்ததே ஒரு போராட்டம். ஊர்த்தெருவில் இழவு விழுந்தால் கூப்பிடுவார்கள், போயாக வேண்டும். கூலி அவர்கள் கொடுப்பதுதான். “இனி அடிக்க மாட்டோம்” என்று சொன்னதற்காகக் கண்மாய்த் தண்ணீரும் கூலி வேலையும் மறுக்கப்பட்ட குடும்பங்கள் எங்களிடம் உண்டு. பிறகு 1990-களில் தலித் பண்பாட்டு இயக்கம் அதே பறையைக் கையில் எடுத்தது. கே.ஏ. குணசேகரன், தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் பாட்டையும் பறையையும் விடுதலையின் மொழியாக்கினார்கள். இரண்டும் சரிதான், கீழே வைத்ததும் சரி, திரும்ப எடுத்ததும் சரி. ஆனால் பறையைத் தொடுகிற எங்கள் பிள்ளைக்கு அந்தச் சுமையும் சேர்ந்தே கைக்கு வருகிறது. கிட்டார் வாசிக்கிறவனை இழவு வீட்டுக்கு வந்து அடி என்று யாரும் அதிகாரமாகக் கூப்பிட்டதில்லை. அந்த வெற்றிடம் எங்களுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அந்தக் கருவிக்கும் தன் ஊரில் ஒரு சாதிக் கதை மாதிரி ஒன்று உண்டு. ஸ்பெயினில் கிட்டார் நெடுங்காலம் சாராயக் கடைக் கருவி, ஜிப்சிகளின் ஃபிளமெங்கோ ஆட்டத்தின் கருவி. கச்சேரி மண்டபத்துக்குள் அதற்கு இடமில்லை என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அதை உள்ளே கொண்டுபோனவர்களில் முதன்மையானவர் ஆந்த்ரேஸ் செகோவியா (1893–1987). பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். அவர் 1953-இல் மேஜர், மைனர் ஸ்கேல்களை விரல் எண்களோடு தொகுத்து ஒரு சின்னப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைக்கும் உலகம் முழுக்கக் கிட்டார் மாணவர்கள் அதை வைத்துத்தான் கைப்பழக்கம் செய்கிறார்கள். குறைந்த நேரத்தில் அதிகக் கோளாறுகளைச் சரிசெய்கிற பயிற்சி ஸ்கேல்தான் என்பது அவர் கட்சி. தினம் 2 மணி நேரம் வேறு சொல்கிறார். அந்த 2 மணி நேரத்துக்குச் சோறு பொங்கி வைக்க வீட்டில் யாரோ இருந்திருக்க வேண்டும், அது இருக்கட்டும். எங்களுக்கு அவரிடம் உறுத்துகிற விஷயம் வேறு. ஃபிளமெங்கோவிடமிருந்து கிட்டாரை மீட்டதாகப் பெருமையாகப் பேசியவர் அவர். சதிர் பரதநாட்டியம் ஆன கதை தெரிந்தவர்களுக்கு இந்த ‘மீட்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் காது விடைக்கும். கலையை மேலே ஏற்றிவிட்டு, அதுவரை வைத்துக் காப்பாற்றியவர்களை வாசலில் நிறுத்துகிற வேலை அங்கேயும் நடந்திருக்கிறது. அவர் விரல் எண்களை எடுத்துக்கொள்கிறோம், அந்தப் பெருமையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கேல் என்பது என்ன? ஏறி இறங்குகிற ஸ்வர வரிசை. சி மேஜரை ஐந்தாம் கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் தொடங்கி இரண்டு ஸ்தாயி ஏறினால் 15 ஸ்வரம், இறங்க 14, ஆக 29 மீட்டல். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித்தான் வர வேண்டும், ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை வரக்கூடாது. 29 ஒற்றைப்படை எண் என்பதால், முதல் சுற்றை ஆள்காட்டி விரலில் தொடங்கியவர் இரண்டாம் சுற்றை நடுவிரலில் தொடங்குவார். அங்கேதான் கை குழம்பும். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிக்குத் தாவும்போது ஆள்காட்டியை அடுத்து நடுவிரல் வந்தால் சுலபம், நடுவிரலை அடுத்து ஆள்காட்டி வந்தால் சிக்கல். பாட்டு வாசிக்கும்போது இந்தச் சிக்கல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. “இந்த இடம் மட்டும் வர மாட்டேங்குதுண்ணே” என்று சொல்லத்தான் தெரியும். ஸ்கேலில் அது அப்பட்டமாக நிற்கும். மெட்ரோனோமை 60-இல் வைத்து ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்று வாசித்தால் ஒரு சுற்றுக்கு அரை நிமிடம். பதினைந்து நிமிடத்தில் முப்பது சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான்.

சரளி வரிசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாடமும் ஏற்ற இறக்கம்தான், மூன்று வேகத்தில். அதற்கு ஏன் மாயாமாளவகௌளை ராகத்தை வைத்தார்கள் என்பதைக் கிட்டாரில் ஒரே கம்பியில் வாசித்துப் பார்த்தால் கண்ணாலேயே பார்க்கலாம். 0, 1, 4, 5 ஆகிய ஃப்ரெட்டுகளில் ச ரி க ம. பிறகு 7, 8, 11, 12-இல் ப த நி ச. முதல் நான்கின் அதே இடைவெளி அப்படியே ஏழு ஃப்ரெட் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பாதியைக் கற்றால் மீதியும் கைக்கு வந்துவிடும். இதைக் காட்டியபோது ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, “இவ்வளவுதானாக்கா? இதையா நம்மளுக்கு வராதுன்னாங்க?” என்று கேட்டாள். கர்நாடக இசை என்றால் டிவியில் பட்டுச்சேலையோடு வருகிற ஏதோ ஒன்று என்று இருந்தவள். நாலு எண்ணில் அந்தப் பயம் போனது.

பாராட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

எங்களுக்குப் பறை சொல்லிக்கொடுக்கிற தாத்தாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வாரம் ஒரே அடிதான் கொடுப்பார். வலது கை அடிக்குச்சி, இடது கை சிம்புக்குச்சி, ஒரே வேகம், ஏற்றக்கூடாது, குறைக்கக்கூடாது. பிள்ளைகள் சினிமாப் பாட்டின் அடிக்குத் தாவினால் குச்சியைப் பிடுங்கிக்கொள்வார். ஒருநாள் கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து கிட்டார் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “இதுவும் ஒத்தையடிதானய்யா, கை மாறாம பழகுறது” என்றார். அன்றைக்குத்தான் ஒரு நண்பர் அந்த ‘ரத்தத்துல’ வசனத்தைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தாத்தாவிடம் சொன்னோம். அவர் வேட்டியைத் தூக்கி முட்டியைக் காட்டினார். “ரத்தத்துல இருந்துச்சுன்னா எங்கப்பன் ஏன் இந்த முட்டியில போட்டாரு? தகர டப்பாவுல ஆறு மாசம் அடிச்ச பெறகுதான் தோலைத் தொட விட்டாரு.”

இதைவிட நன்றாக எங்களால் சொல்ல முடியாது. ஆனாலும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்சாதி வீட்டுப் பிள்ளை நன்றாகப் பாடினால் அதற்கு என்ன பெயர்? சாதகம், குருகுலம், உழைப்பு. எங்கள் பிள்ளை நன்றாக அடித்தால்? ரத்தம். ஒரே விஷயம், இரண்டு பெயர். பிறப்பால் வருவது என்று சொல்லிவிட்டால் அந்த ஆறு மாதத் தகர டப்பாவுக்குக் கணக்கு இல்லை. கணக்கில்லாத உழைப்புக்குக் கூலி கேட்க முடியாது, அதைப் பாடமாக எழுத முடியாது, பல்கலைக்கழகத்தில் வைக்க முடியாது. மாடு மேய்ப்பது உங்க ரத்தத்தில் இருக்கு, மலம் அள்ளுவது உங்க ரத்தத்தில் இருக்கு என்ற வாக்கியத்தின் இனிப்பு தடவிய தம்பிதான் இந்த வாக்கியம். மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். எந்தத் தோல் எந்த நாதம் தரும் என்று காதாலேயே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அந்தக் காது பல வருடப் பயிற்சியில் வந்தது. மேடையில் வித்வான் பெயர் சொல்வார்கள். தோலை இழுத்துக் கட்டியவர் பெயரை எந்த மேடையில் கேட்டிருக்கிறீர்கள்?

இளையராஜாவைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது. அவர் தன்னை எந்தச் சாதி அடையாளத்துக்குள்ளும் வைத்துப் பேசுவதை விரும்பாதவர். அந்த விருப்பத்தை மதித்தே எழுதுகிறோம், நாங்கள் சொல்ல வருவது அவர் பயிற்சியைப் பற்றி மட்டும். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர். 1968-இல் சென்னைக்கு வந்தார். தன்ராஜ் மாஸ்டரிடம், மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில், மேற்கத்திய இசையை எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஆரம்பத்திலிருந்து படித்தார். அப்போது வயது இருபத்தைந்து. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், மற்றவர்களின் பாடல் பதிவுகளில் கிட்டார் வாசித்தார். கிளாசிக்கல் கிட்டாருக்கு லண்டன் ட்ரினிட்டியின் தங்கப் பதக்கம் வாங்கியவர் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ‘அருள்’ என்கிறார்கள், ‘பிறவி மேதை’ என்கிறார்கள். ‘ஞானி’ என்ற பட்டத்திலேயே அந்தச் சிக்கல் இருக்கிறது, ஞானிக்கு விரல் வலிக்காது பாருங்கள்.

2024 டிசம்பரில் எங்கள் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், அர்த்த மண்டப வாசலில் அவர் நின்றது பெரிய விவாதமானது. கோயில் தரப்பு மரபு என்று விளக்கம் சொன்னது. தன் சுயமரியாதையை விட்டுக்கொடுக்கவில்லை, பரப்பப்படுவது வதந்தி என்று அவரே சொன்னார். மூன்று மாதம் கழித்து, 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் அவருடைய ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. எண்பது வயதைக் கடந்த ஒருவர், ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான இசையைத் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை ரத்தத்தால் எழுத முடியாது. லாட்ஜ் அறையில் படித்த படிப்பு அது.

ட்ரினிட்டி கிரேடு தேர்வைப் பற்றிப் பிள்ளைகள் விசாரித்தார்கள். 100 மதிப்பெண்ணில் மூன்று பாடல்களுக்கு 66, ஸ்கேல் முதலிய பயிற்சிப் பகுதிக்கு 14, மீதி 20 வேறு சோதனைகளுக்கு. “பதினாலுதானே, விட்டுட்டாக் கூட பாஸ் ஆயிரலாம்” என்று ஒருவன் கணக்குப் போட்டான். கணக்கு சரிதான், பாஸுக்கு 60 போதும். ஆனால் அந்த 66-க்கான விரல் எங்கிருந்து வரும் என்று கேட்டோம். பதில் சொல்லாமல் ‘இளைய நிலா’வின் தொடக்கத்தை வாசிக்கப் பார்த்தான். தமிழ்நாட்டில் கிட்டார் தொட்ட ஒவ்வொருவரும் முட்டி மோதுகிற இடம் அது. அவனும் மோதினான்.

பயிற்சிக்கு என்ன தடை என்றால், சோம்பேறித்தனம் கடைசியில்தான் வரும். முதலில் இடம். ஒரே அறை வீட்டில் ஐந்து பேர் தூங்குகிற இடத்தில் 29 ஸ்வரத்தை முப்பது தடவை வாசிக்க முடியாது. மில்லில் ஷிப்ட் பார்க்கிற ஒரு தங்கை இரவு பதினொன்றுக்கு வந்து வாசிக்கிறாள். கம்பிக்கு அடியில், பிரிட்ஜ் ஓரமாகப் பழைய துணியை மடித்துச் செருகிவிடுவாள். சத்தம் தனக்கு மட்டும் கேட்கும். பிறகு நகம். கிளாசிக்கல் கிட்டாருக்கு வலது கை நகம் வளர்க்க வேண்டும். கருவேலம் வெட்டி, மூட்டம் பிரித்துக் கரி அள்ளுகிறவனுக்கு எங்கே நகம் நிற்கும்? முள் ஏறிய கை வேறு. “நகம் இல்லாதவன் வாசிக்கக் கூடாதாண்ணே?” என்று ஒரு தம்பி மனம் விட்டுப்போய்க் கேட்டான். பெர்னாண்டோ சோர் நகமில்லாமல் வாசித்தவர், டாரெகாவும் கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டு விரல் சதையால் வாசித்தவர். கிட்டார் வரலாற்றின் இரண்டு பெரிய தலைகள். நாதம் மெத்தென்று வரும், அவ்வளவுதான். அவன் இப்போது சதையால்தான் வாசிக்கிறான். எங்கள் மூன்று பேர் ஸ்கேலிலும் காதுக்கு இதமானது அவனுடையதுதான்.

வெயிலும் ஒரு தடை. சித்திரை வைகாசியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் கிட்டாரைத் தொங்கவிட்டால் மரம் காய்ந்து விரிசல் விடும், பசை இளகும். ஈரப் பஞ்சை ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் வைத்து உறைக்குள் போட்டு வைக்கிறோம். தண்ணீர் குடம் எண்ணிப் பிடிக்கிற ஊரில் கிட்டாருக்குத் தண்ணியா என்று ஒரு அத்தை சிரித்தார். மறுநாள் அவரே நனைத்து வைத்திருந்தார்.

தோழர்களில் சிலருக்கு வேறு கேள்வி இருக்கிறது. நிலப் பிரச்சினை ஓடுகிறது, ஒரு பிள்ளைக்குப் பள்ளியில் அவமானம் என்றால் ஓட வேண்டியிருக்கிறது, செப்டம்பர் 11-க்குப் பரமக்குடிக்குப் போக வண்டி பேச வேண்டியிருக்கிறது, இதில் டொய்ங் டொய்ங் என்று ஏறி இறங்க நேரம் எங்கே என்கிறார்கள். நியாயமான கேள்விதான். போராட்டம் இருக்கிற அன்று கிட்டார் மூலையில்தான் கிடக்கும், அதில் எங்களுக்கு விவாதமே இல்லை. ஆனால் எல்லா நாளும் போராட்ட நாளாக இருக்க வேண்டும் என்று சொல்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எதற்கும் உதவாத ஒன்றில் பதினைந்து நிமிடம் மூழ்கி இருக்கிற உரிமை, பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி கரி அள்ளுகிறவனுக்கும் வேண்டும். அண்ணல் அம்பேத்கர் எத்தனை வேலைகளுக்கு நடுவில் வாழ்ந்தவர்! அவர் பிற்காலத்தில் வயலின் கற்றுக்கொண்டார். அந்த வயலினால் எந்தச் சட்டமும் வரவில்லை. அவருக்குப் பிடித்திருந்தது, கற்றுக்கொண்டார்.

ஸ்கேலை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் இசை வந்துவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அப்படி வாசித்து வாசித்துப் பாட்டே மறந்துபோனவர்களும் உண்டு. பதினைந்து நிமிடம் முடிந்ததும் பாட்டுக்குப் போய்விட வேண்டும். அதுவும் அன்றைய ஸ்கேலில் உள்ள பாட்டாக இருந்தால் நல்லது, ஏறி இறங்கிய படிகள் பாட்டுக்குள் எங்கே கிடக்கின்றன என்று விரலுக்குத் தெரியும். வேகத்துக்கு ஆசைப்படாதீர்கள். 60-இல் ஒரு ஸ்வரம்கூடத் தடுமாறாமல் மூன்று நாள் வந்தால் 64-க்குப் போகலாம். இடது கை விரலைக் கம்பியிலிருந்து ரொம்பத் தூக்காதீர்கள். தோளை இறக்குங்கள். நோட்டில் தேதியும் வேகமும் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது உங்கள் ரத்தத்தைப் பற்றிப் பேச வந்தால் அந்த நோட்டை எடுத்துக் கையில் கொடுங்கள்.

அடுத்த வாரம் ஜி மேஜர் தொடங்குகிறோம். சி மேஜரோடு பார்த்தால் ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறும், எஃப் ஷார்ப் ஆகும். மெட்ரோனோம் போன் சார்ஜ் இல்லாமல் அடிக்கடி அணைந்துபோவதால், தாத்தா தன் பறையோடு வந்து உட்கார்ந்து ஒத்தையடி அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேகத்தை மட்டும் தன்னிடம் விட்டுவிட வேண்டுமாம்.